மேடை ஏறும் முன் குரலுக்குப் பத்து நிமிடம்

கேள்வி: மேலூர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள் நான். வயது 32. விடிய விடிய நடக்கும் இசை நாடகமான ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம் கட்டுகிறேன். இரவு பத்து மணிக்கு நாடகம் தொடங்கும். பன்னிரண்டுக்கு மேல் என் பிரவேசம், இரண்டு மணிக்கு எதிர் நடிகரோடு வாதாடும் தர்க்கம், முடியும்போது விடிந்துவிடும். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறேன். மூத்த கலைஞர் ஒருவர் சொன்னபடி, வேடம் போடும்போதே மேல் சட்ஜத்தை (மேல் 'ஸ') பிடித்து உரக்கப் பாடித் தொண்டையைத் 'திறந்து' கொள்கிறேன். ஆனாலும் தர்க்கம் முடிவதற்குள் தொண்டை கட்டிக்கொள்கிறது. கைபேசியில் பியானோவோடு குரல் பயிற்சி சொல்லித்தருகிறார்கள். அது நம் பாட்டுக்கு ஒத்துவருமா? மிளகு, கற்கண்டு, அதிமதுரம் மென்றால் போதுமா? கூட நடிப்பவர்கள் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். தை மாதத்திலிருந்து காலையில் பேச்சே கரகரக்கிறது. பங்குனி, சித்திரைத் தேதிகள் வரிசையாக இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். தை மாதத்திலிருந்து காலைப் பேச்சு கரகரக்கிறது என்கிறீர்கள். சளியோ காய்ச்சலோ இல்லாமல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மிக் கிடந்தால், குரலை நம்பிப் பிழைப்பவர்கள் ஒருமுறை குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும். வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ சிறு குழாய்க் கேமராவை விட்டுக் குரல் நாண்களைப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பங்குனித் தேதிகள் தொடங்கும் முன் போய்விடுங்கள். நான் குரல் சிகிச்சையாளர். பயிற்சி சொல்லித்தருவது என் வேலை. நாண்களில் என்ன இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால்தான் அந்தப் பயிற்சியைச் சரியான அளவில் கொடுக்க முடியும்.

பார்க்கப் போனால் நாண்களில் 'முடிச்சு' என்று சொல்லிவிடுவார்களோ, அறுவை சிகிச்சை என்பார்களோ என்ற பயத்தில் பல கலைஞர்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். பாடுபவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வரும் காய்ப்பு முடிச்சுகளுக்கு முதல் வைத்தியம் குரல் பயிற்சிதான். பெரும்பாலும் கத்தி வைக்காமலே அடங்கிவிடும். அதுவும் சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேடம் போடும்போதே மேல் சட்ஜத்தை உரக்கப் பிடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அதைச் சொல்லித்தந்த மூத்தவரை நான் குறை சொல்லவில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்தில் மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் வாயைத் திறந்து வீசிப் பாடியே ஆக வேண்டும். மைக் வந்த பிறகும் அந்தப் பழக்கம் பரம்பரையாக வந்துகொண்டிருக்கிறது. ஆனால் நீங்கள் வேடம் போடும் இடத்தில் செய்வது தயாரிப்பு அல்ல, கச்சேரியின் பாதியை முன்கூட்டியே பாடித் தீர்ப்பது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரைக் கட்டையில் உங்கள் மேல் சட்ஜம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 415 அதிர்வு. அதாவது உங்கள் இரண்டு குரல் நாண்களும் ஒரு நொடியில் 415 முறை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. அந்தச் சுரத்தில் ஒரு நிமிடம் நின்றால் கிட்டத்தட்ட 25,000 மோதல். மேல் பஞ்சமத்துக்கு (மேல் 'ப') போனால் நொடிக்கு 622. மோதும் அந்தச் சதையின் மேல்தோல் கூழ் போல மென்மையானது. உரக்கப் பாடினால் மோதலின் வேகமும் கூடும். ஆயத்தமில்லாத நாண்களைக் கடுமையாக மோதவிட்டால் மேல்தோல் லேசாக வீங்கும். வீங்கிய நாணுக்கு எடை கூடிவிடும், ஓரம் சரியாகச் சேராது. அதனால் மேல் சுரம் எட்டாது, காற்று கசியும், பிசிறு தட்டும். எட்டாத சுரத்தை எட்டிப் பிடிக்க நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள். இரண்டு மணித் தர்க்கத்தில் தொண்டை கட்டுவது இப்படித்தான்.

ஆகவே பயிற்சி வாயை மூடித்தான் தொடங்க வேண்டும். உதடு பாதி மூடியிருக்கும்போது வெளியேறும் காற்றுக்கு ஒரு தடை கிடைக்கிறது. அந்தத் தடையால் உண்டாகும் எதிர் அழுத்தம் குரல் நாண்களுக்கு மேலே மெத்தையிட்டதுபோல் நிற்கும். நாண்கள் அதிர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் மெல்லத் தொட்டுப் பிரியும். அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்சே பல ஆண்டுகளாக ஆராய்ந்து பரப்பிய உறிஞ்சுகுழல் பயிற்சி இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது. அதற்குச் செலவு ஒரு டம்ளர் தண்ணீரும் கூல்டிரிங்ஸ் கடை ஸ்ட்ராவும்தான்.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறு செய்வது சுலபம். டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் எடுங்கள். ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கட்டும். அதற்கு மேல் ஆழம் வேண்டாம். உதட்டால் ஸ்ட்ராவைச் சுற்றிக் கவ்வுங்கள், பல்லால் கடிக்க வேண்டாம். இப்போது 'ஊ' என்று சாதாரணப் பேச்சுக் குரலில், பாட்டுக் குரலில் அல்ல, ஒலியை விடுங்கள். குமிழிகள் ஒரே சீராக வர வேண்டும். குமிழி விட்டுவிட்டு வந்தால் காற்றைத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். கன்னம் தளர்ந்து லேசாக உப்பி ஆடட்டும். நடுவில் ஒருமுறை மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கு வழியே நழுவுகிறது. இப்படி ஒரே சுரத்தில் இரண்டு நிமிடம். பிறகு கீழிருந்து நடுவரை வழுக்கி ஏறி, வழுக்கி இறங்குங்கள். சுரங்களைத் தனித்தனியாகத் தொட வேண்டாம், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் ஜாருவைப் போல ஒரே இழுப்பு. அது சுகமாக வந்த பிறகு சற்று மேலே, மறுபடி கீழே. இதற்கு மொத்தம் ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது, குழந்தைகள் பஸ் ஓட்டி விளையாடும்போது உதட்டைத் துடிக்கவிட்டுப் 'புர்ர்ர்' என்பார்களே, அதே ஒலியில் சங்கீதத்தின் தொடக்கப் பாடமான சரளி வரிசையின் முதல் வரி. சுருதியை நான்கு கட்டைக்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உதட்டுச் சாயம் பூசும் முன் இதைச் செய்துவிடுங்கள், பூசிய பிறகு செய்தால் ஒப்பனை பாழ். ஸ்ட்ரா பயிற்சிக்கு அந்தத் தொல்லை இல்லை, முழு வேடத்திலும் செய்யலாம்.

பிறகு 'ம்' என்ற மூடிய வாய் முனகல். உதடு சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் உள்ளே மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது. உதட்டிலும் மூக்குத் தண்டிலும் குறுகுறுவென்று அதிர்வு தெரிகிறதா என்று கவனியுங்கள். தொண்டைக்குழியில்தான் இறுக்கம் தெரிகிறது என்றால் குரலைத் தணியுங்கள், தாடையை இரண்டு கையாலும் மேலிருந்து கீழாகத் தடவி விடுங்கள். அந்த அதிர்வு மாறாமல் 'ம்ம்ம்-ஊ', 'ம்ம்ம்-ஓ', 'ம்ம்ம்-ஆ' என்று மெல்ல வாயைத் திறக்கலாம். 'ஆ' என்று பாடிப் பழகும் அகார சாதகம் இந்த இடத்தில்தான் வர வேண்டும், எடுத்த எடுப்பில் அல்ல. இப்போது ஐந்தரைக் கட்டைக்கு வந்து, மந்திர பஞ்சமத்திலிருந்து (கீழ் 'ப') மத்திய பஞ்சமம் (நடு 'ப') வரை அகாரத்தில் மெதுவாகப் போய் வாருங்கள். மேல் சட்ஜத்தைக் கடைசியில் ஓரிரு முறை சின்னக் குரலில் தொட்டால் போதும், அங்கே நின்று பிடிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதைப் பாடகர்கள் யாரும் செய்வதில்லை, உங்களுக்கோ இது மிக அவசியம்: வசனப் பயிற்சி. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் குரலைப் பாட்டைவிட வசனம்தான் அதிகம் கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பாட்டுக்காவது சுருதி என்ற கட்டுப்பாடு இருக்கிறது. தர்க்கத்தில் எதிராளி குரலை உயர்த்த உயர்த்த நீங்களும் உயர்த்துவீர்கள், அதற்கு எல்லையே இல்லை. ஆகவே உங்கள் முதல் நான்கு வசனங்களை, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு 'ம்' சேர்த்து, பாதிக் குரலில் சொல்லிப் பாருங்கள். அந்த மூக்குத் தண்டு அதிர்வு வசனத்திலும் இருக்க வேண்டும்.

எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதை எப்போது செய்வது என்பதும் முக்கியம். நாடகம் பத்து மணிக்குத் தொடங்குகிறது என்று ஒன்பதரைக்கே செய்துவிட்டால், பன்னிரண்டரைப் பிரவேசத்துக்குள் அதன் பலன் தணிந்துவிடும். பபூன் (கோமாளி) மேடையில் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும் நேரம்தான் உங்களுக்கு வாகு. அதேபோல் பிரவேசத்துக்கும் தர்க்கத்துக்கும் இடையில் ஸ்ட்ராவில் மறுபடி மூன்று நிமிடம். இடுப்பு ஒட்டியாணத்தை அப்போது ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். இறுக்கிக் கட்டிய இடுப்பில் விலாவும் வயிறும் விரிய இடமில்லாமல் மூச்சு மேல்மார்பில் நின்றுவிடும். மேல்மார்பு மூச்சில் பாடுபவர் கழுத்தால்தான் தள்ள வேண்டியிருக்கும்.

கைபேசியில் பியானோவோடு வரும் பயிற்சி ஒத்துவருமா என்றால், தாராளமாக வரும், ஆனால் அதன் பின்னே ஓடாதீர்கள். அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறிக்கொண்டே போகும் அந்தப் பயிற்சிகள் யாருடைய குரல் எல்லைக்கோ வகுத்தவை. அதில் வரும் உதட்டுத் துடிப்பையும் முனகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுருதியைத் தம்புரா செயலியில் நீங்களே வையுங்கள். நம் சரளி வரிசைக்கும் தாட்டு வரிசைக்கும் மேலான சுரப்பயிற்சி எங்கும் தேட வேண்டியதில்லை.

விடியற்காலைச் சாதகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள் என்று தெரியும். அதிகாலையில் மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், சாதகம் செய்வது நல்ல வழக்கம்தான். தூங்கி எழும்போது நாண்கள் லேசாக ஊறித் தடித்திருக்கும், கீழ்ச் சுரங்கள் இயல்பாக வரும். ஆனால் அது இரவு முழுக்கத் தூங்கியவருக்குச் சொன்னது. விடிய விடியப் பாடிவிட்டு வந்தவர் நான்கரை மணிக்குச் சாதகம் செய்வது குரலுக்குச் செய்யும் கொடுமை. உங்கள் 'அதிகாலை' என்பது பகல் தூக்கம் முடிந்து எழும் பிற்பகல் மூன்று மணி. சாதகத்தை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகு, கற்கண்டு, அதிமதுரம், சித்தரத்தை எல்லாம் தொண்டைக்கு இதம். எச்சில் ஊறும், வறட்சி குறையும், அதற்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை. உணவுக்குழாய் வேறு, மூச்சுக்குழாய் வேறு. விழுங்கியது நாணில் பட்டால் புரையேறிவிடும். தண்ணீரும் அப்படித்தான்: மேடையில் குடிக்கும் ஒரு மடக்கு வாயை நனைக்கும், அவ்வளவுதான். உடம்பு அதை உறிஞ்சி நாண்களுக்கு அனுப்ப நேரம் பிடிக்கும். ஆகவே பிற்பகலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வாருங்கள். நேரடியாக நாண்களுக்கு ஈரம் போவது ஆவியில் மட்டும்தான். வெறும் தண்ணீரில், தைலம் எதுவும் போடாமல், புறப்படும் முன் ஐந்து நிமிடம் ஆவி பிடியுங்கள். அதிமதுரத்தை நாள்தோறும் மென்றால் இரத்த அழுத்தம் கூடலாம். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது. விறுவிறுக்கும் புதினா மிட்டாய்கள் தொண்டையை மரக்கச் செய்து வலியை மறைத்துவிடும். வலி தெரியாமல் பாடுவது ஆபத்து.

அடிக்கடி தொண்டையைக் கனைக்கிறீர்களா? ஒவ்வொரு கனைப்பும் நாண்களை அறைவதற்குச் சமம். கனைக்கத் தோன்றும்போது எச்சிலை அழுத்தி விழுங்குங்கள், அல்லது ஒரு மடக்குத் தண்ணீர். கிசுகிசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைக்கிறார்கள். பலருக்கு அது கூடுதல் இறுக்கம். ஓய்வு என்றால் மௌனம்.

சாப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். நாடகம் முடிந்து விடியற்காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்தால், இரைப்பை அமிலம் மேலேறிக் குரல்வளையின் பின்பக்கத்தை அரிக்கும். காலையில் கரகரப்பு, தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உணர்வு இவற்றுக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். முக்கியச் சாப்பாட்டை இரவு எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் பசித்தால் வாழைப்பழமோ இட்லியோ. சோடா வேண்டாம், ஏப்பத்தோடு அமிலமும் வரும். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பவராக இருந்தால் அதை அடியோடு விட்டுவிடுங்கள்.

ஊசி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கூட நடிப்பவர்கள் சொல்லும் ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். அது வீக்கத்தைச் சில மணி நேரத்துக்கு அடக்கும், குரல் திரும்பியதுபோல் இருக்கும். அடிபட்ட நாண் அப்படியேதான் இருக்கும், நீங்கள் அதன் மேல் இன்னும் ஐந்து மணி நேரம் பாடுவீர்கள். குரல்வளையைப் பார்க்காமல் யார் போட்டாலும் போட்டுக்கொள்ளாதீர்கள். உடம்புவலிக்கு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டும் மேடை ஏறாதீர்கள். அது இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், பாடும்போது நாணில் இரத்தக் கசிவு ஏற்பட இடமுண்டு. பாட்டின் நடுவில் திடீரென்று குரல் அறுந்ததுபோல் போய்விட்டால், அந்தக் கணத்தோடு நிறுத்துங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்குங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். விழுங்க வலி, எச்சிலில் இரத்தம், மூச்சுத் திணறல் இருந்தாலும் அப்படியே.

குரல் வீங்கியிருக்கிறதா என்று நீங்களே அறிய ஒரு வழி சொல்கிறேன். மேல் சட்ஜத்துக்குப் பக்கத்தில், முடிந்த அளவுக்குச் சன்னமாக, 'ஊ' என்று ஆறேழு சின்னத் துண்டுகளாகப் பாடுங்கள். உரக்கப் பாடினால் வீக்கம் மறைந்துகொள்ளும், சன்னக் குரலில் மறைய முடியாது. ஒலிக்கு முன் காற்று வந்தாலோ, சில துண்டுகளில் ஒலியே பிறக்காவிட்டாலோ நாண்கள் களைத்திருக்கின்றன. நன்றாக ஓய்ந்திருக்கும் ஒரு நாளில் முதலில் செய்து, உங்களுக்கு இயல்பு எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு நாடகத்துக்கு மறுநாள் பிற்பகலில் பாருங்கள். அன்றும் சுத்தமாக வந்தால் அந்த இரவுத் தேதியைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். வராவிட்டால் அன்று கட்டையைக் குறைத்தே ஆக வேண்டும்.

கட்டையைக் குறைத்தால் பாட்டு எடுபடாது என்று சிலர் சொல்வார்கள். ஐந்தரையிலிருந்து நாலரைக்கு இறங்கினால் மேல் சட்ஜம் 415-லிருந்து 370-ஆகக் குறையும். நாண்களின் இழுவிசை தளரும். சபையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு கட்டை வித்தியாசம் தெரியாது, குரல் பிசிறினால் உடனே தெரியும். ஆர்மோனியக்காரரிடம் பிரவேசத்துக்கு முன்பே தனியாகப் பேசிவிடுங்கள், மேடையில் சைகை காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒலிபெருக்கிக்காரரிடமும் ஒரு வேண்டுகோள்: சிறிய ஸ்பீக்கர் ஒன்றை உங்களை நோக்கித் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதை எட்டியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே எடுத்துக்காட்டினார். ஜெனரேட்டர் சத்தமும் குழாய் ஸ்பீக்கரும் சேர்ந்த திருவிழாப் பொட்டலில் உங்கள் குரல் உங்கள் காதில் விழாவிட்டால், எத்தனை பயிற்சி செய்திருந்தாலும் கத்தத்தான் செய்வீர்கள்.

நாடகம் முடிந்ததும் வேடம் கலைக்கும்போது இன்னும் மூன்று நிமிடம். இம்முறை மேலிருந்து கீழாக மட்டும், 'ம்' என்று முனகியபடி வழுக்கி இறங்குங்கள். உச்சத்தில் இழுபட்டிருந்த தசைகள் தளரும். அதன்பிறகு பேச்சு வேண்டாம். மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வரும்வரை பஸ்ஸில் இன்ஜினுக்கு மேல் குரல் உயர்த்தி நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். மேடையில் மிச்சம் வைத்த குரலும் அந்தப் பயணத்தில்தான் போகிறது.

தேதிகள் விஷயம் உங்கள் வயிற்றுப்பாடு. பங்குனியில் மறுத்தால் ஆவணியில் யார் கூப்பிடுவார்கள் என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனாலும் ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாகத்தான் ஒப்பந்தம் செய்கிறார்கள், டைரி உங்கள் கையில் இருக்கிறது. தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் போகாமல், நடுவில் ஒரு இரவாவது விட்டு ஒப்புக்கொள்ளப் பாருங்கள். முடியாத இடத்தில், மறுநாள் பகலில் மௌனத்தையாவது விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள், கைபேசியை அவர்கள் எடுக்கட்டும்.

இந்த வாரமே பரிசோதனைக்குப் போய்விட்டு, மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். நாண்களில் வெறும் வீக்கம் என்றால் மேலே சொன்ன பயிற்சியை அப்படியே தொடரலாம். முடிச்சு என்றால் மேல் ஸ்தாயியை ஆறு வாரம் போலத் தொடாமல் ஸ்ட்ராவையும் முனகலையும் மட்டும் வைத்து ஒரு திட்டம் தருகிறேன், அதற்கேற்ப எந்தத் தேதிகளை வைத்துக்கொள்வது என்றும் சேர்ந்து பார்ப்போம்.